ஓடாத ரயிலில் என்ன இருக்கிறது?

கேள்வி: சென்ற இதழில் ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற பழைய பிரிட்டிஷ் உளவாளித் தொடரின் ‘டிரெஸ்டு டு கில்’ எபிசோடைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். ரயிலில் நடக்கும் கதை என்றதும் ஆசையாக உட்கார்ந்தேன். ரயில் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அப்புறம் பெட்டியும் ஒரு பாழடைந்த ஸ்டேஷனும்தான். படம் மங்கல், நடிகர்கள் வசனத்தில் தடுமாறுகிறார்கள், செட் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பழையது என்பதற்காகவே கும்பிட வேண்டுமா? இதே கதையைப் பிறகு கலரில் எடுத்திருக்கிறார்களாமே, அதைப் பார்த்தால் போதாதா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கும்பிட வேண்டாம். கடைசிவரை பாருங்கள், அது போதும். ‘ரயில் நின்றுவிடுகிறது’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். கதை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் முன்னெச்சரிக்கை ரேடார் நிலையங்கள் ஏவுகணைகள் வருவதாக அலறுகின்றன. பதிலடிக்கு எல்லாம் தயார். ஒரே ஒரு நிலையம் மட்டும் ‘இங்கே ஒன்றும் தெரியவில்லையே’ என்கிறது. அதனால் உலகம் தப்புகிறது. மற்ற நிலையங்களைக் குழப்பியது யார்? குழம்பாத நிலையத்தை ஒட்டிய நிலத்தின் மீது சிலர் கண் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக உளவாளி ஜான் ஸ்டீட் உள்ளே நுழைகிறார். புத்தாண்டுக்கு முந்தின இரவு, ஓடும் ரயிலில் மாறுவேட விருந்து என்று அவர்களுக்கு அழைப்பு வருகிறது. ஒருவர் ராபின் ஹுட், ஒருவர் நெப்போலியன், ஒருவர் போலீஸ்காரர், ஒரு பெண் பூனை. ஸ்டீட் அமெரிக்க கௌபாய்ப் படத்துத் துப்பாக்கிக்காரர். ஆளில்லாத ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. சாவு விழத் தொடங்குகிறது.

ஓடுகிற ரயிலில் பயந்துபோனவனுக்கு ஒரு தெம்பு இருக்கும். அடுத்த ஸ்டேஷன் வரும், விளக்கு எரியும், இறங்கி யாரையாவது கூப்பிடலாம். இந்தக் கதையில் அந்த ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கியும் பார்த்தாயிற்று. கூப்பிட யாருமில்லை. இனி எங்கே போவது? எழுத்தாளர் பிரையன் கிளெமென்ஸ் வேண்டுமென்றேதான் இந்த வழியை அடைத்தார். ரயிலை ஓட வைத்திருந்தால் நீங்கள் கேட்ட வேகம் கிடைத்திருக்கும், இந்தத் திகில் கிடைத்திருக்காது.

இது ஒளிபரப்பான நாளையும் பாருங்கள்: 1963 டிசம்பர் 28, சனிக்கிழமை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் பீச்சிங் தன் அறிக்கையை வெளியிட்டார். 2,363 ஸ்டேஷன்களை மூட வேண்டும் என்றது அந்த அறிக்கை. தங்கள் ஊர் ஸ்டேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று ஜனங்கள் தேடிப் பார்த்த வருஷம் அது. மூடிக் கிடக்கும் ஸ்டேஷன் என்பது அவர்களுக்குப் பேய்க்கதை செட் இல்லை, அடுத்த வருஷம் தங்கள் தெருமுனையில் நிற்கப் போகும் கட்டடம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 8-ம் தேதி விடியற்காலையில் பக்கிங்ஹாம்ஷயரில் தபால் ரயில் ஒன்றைக் கொள்ளையடித்தார்கள். சுமார் 26 லட்சம் பவுண்டு போயிற்று. பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, பேட்டரியை வைத்துச் சிவப்பை எரியவிட்டார்கள். டிரைவர் நிறுத்தினார். வண்டி நின்றதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வழக்கு விசாரணை 1964 ஜனவரியில் தொடங்க இருந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் ஒரு ரயில் நிற்கிறது என்றால் அன்றைக்குப் பார்த்தவர்களின் வயிறு என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் கொட்டாவி விட்ட அதே காட்சிதான்.

ரேடார் சமாசாரமும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தின் துலே தளத்தில் இருந்த அமெரிக்க ரேடார், சோவியத் ஏவுகணைகள் கூட்டமாக வருவதாக எச்சரித்தது. நார்வேக்கு மேலே உதித்த நிலாவைத்தான் அது அப்படிப் புரிந்துகொண்டது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் அந்தச் சமயம் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். அவர் அங்கே இருக்கும்போது சொந்த நாடே குண்டு போடுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி. 1963 செப்டம்பரில் யார்க்ஷயரின் ஃபைலிங்டேல்ஸ் மேட்டில் பிரிட்டனின் சொந்த முன்னெச்சரிக்கை ரேடார் இயங்கத் தொடங்கியது. தாக்குதல் வந்தால் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு நிமிஷம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ரேடாருக்கு மூன்று மாத வயது ஆகும்போது ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து, ‘அது பொய் சொன்னால் என்ன ஆகும்?’ என்று கேட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட்டது! இதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரை பிரிட்டனின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தில் தொடங்கி வைத்த சிட்னி நியூமன் பிறகு பிபிசிக்குப் போனார். அங்கே ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர் உருவாக முக்கியக் காரணம் அவர். இதே டிசம்பர் 28 மாலை பிபிசியில் ‘டாக்டர் ஹூ’ ஓடியது. கதை, நியூட்ரான் போரில் நாசமான ஒரு கிரகம், அதில் இரும்புக்கூட்டுக்குள் மிச்சமிருக்கும் டாலெக்குகள். குழந்தைகளுக்கு அது, பெரியவர்களுக்கு இந்த ரயில். ஒரே சனிக்கிழமையில் ஒரு நாட்டின் வரவேற்பறைகளில் இரண்டு சேனலிலும் ஒரே பயம் உட்கார்ந்திருந்தது.

சரி, தடுமாற்றத்துக்கு வருவோம். தடுமாறுகிறார்கள், மறுக்கவில்லை. எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தால் நீங்கள் அதையே காரணம் காட்டி எழுந்து போக மாட்டீர்கள். இது சினிமா மாதிரி ஷாட் ஷாட்டாக எடுத்தது இல்லை. தேம்ஸ் கரையில் டெடிங்டன் ஸ்டுடியோவில் செட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு, பல கேமராக்களை வைத்து, நாடகம் போல வரிசையாக நடித்து வீடியோ டேப்பில் பதிந்தார்கள். பெரும்பாலும் விளம்பர இடைவேளை வரும் இடங்களில்தான் நிறுத்துவார்கள். அன்றைய டேப்பை எடிட் செய்வது என்றால் பிளேடால் வெட்டி ஒட்டுவது. டேப் விலை அதிகம், வெட்டினால் மறுபடி பயன்படுத்துவதும் சிரமம். ஒரு சொல் பிசகியதற்காக யாரும் வெட்ட மாட்டார்கள். நடிகர் பிசகினால் எதிரே நிற்பவர்தான் தூக்கி நிறுத்த வேண்டும். ஸ்டீடாக நடித்த பேட்ரிக் மக்னீ இதில் கைதேர்ந்தவர். அவருடைய ஸ்டீட் எதிராளி பேசும்போது கேட்கிற விதத்தைப் பாருங்கள். தொப்பியையும் புன்னகையையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கேட்கிற முகத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

அப்புறம் ஸ்டீடின் கூட்டாளி கேத்தி கேலாக நடித்த ஆனர் பிளாக்மேன். கேத்தி மானிடவியல் படித்தவர், ஜூடோ தெரிந்தவர், கணவனை இழந்தவர், ஸ்டீடிடம் ஒருபோதும் மயங்காதவர். பிளாக்மேன் 1962-ல் சேர்ந்தபோது கிடைத்த சில திரைக்கதைகள் ஆண் கூட்டாளிக்காக எழுதியவை. வசனத்தை அதிகம் மாற்றாமல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பெண் கூச்சலிடாமல், மயங்கி விழாமல் வேலையைப் பார்க்கிறார். 1963-ல் வேறு எந்தத் தொடரில் இதைப் பார்த்திருப்பீர்கள்? ராபின் ஹுட் வேஷக்காரர் லெனார்ட் ராசிட்டர். எழுபதுகளில் பிரிட்டிஷ் நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்த மனிதர் இங்கே இளமையாக, வழுக்கிக்கொண்டு நிற்கிறார். பூனை வேஷத்துப் பெண் அன்னெக் வில்ஸ், 1966-ல் ‘டாக்டர் ஹூ’வில் பாலி என்ற பாத்திரமாக வந்தவர்.

படம் மங்கல் என்கிறீர்கள். நீங்கள் பார்த்தது நகல். தொலைக்காட்சித் திரையில் ஓடவிட்டு அதை 16 மி.மீ. ஃபிலிமில் பிடித்து வைத்ததுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. டேப்பை அழித்து வேறு நிகழ்ச்சி பதிவதே அன்றைய வழக்கம். இந்தத் தொடரின் முதல் ஆண்டு, 1961-ல், 26 எபிசோடுகள் வந்தன. இன்று முழுதாக இருப்பவை மூன்று, முதல் எபிசோடின் தொடக்கப் பகுதி தனி. அந்த மூன்றில் ஒன்றும் 2016-ல்தான் வெளியே வந்தது. ‘டிரெஸ்டு டு கில்’ நம் கையில் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மங்கலைப் பற்றிப் புகார் எழுத எனக்கு மனம் வராது.

செட் என்று தெரிகிறதா? ரயில் கதைகளில் பேர் போனவை எல்லாம் செட்தான். ஹிட்ச்காக் 1938-ல் ‘தி லேடி வேனிஷஸ்’ படத்தை லண்டனில் இஸ்லிங்டன் ஸ்டுடியோவில் 90 அடி நீளச் செட்டில் எடுத்தார். இந்த எபிசோடுக்கு இரண்டரை மாதம் முன்னால், 1963 அக்டோபரில், ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ வெளியானது. ரயில் பெட்டிக்குள் ஷான் கானரியும் ராபர்ட் ஷாவும் போடும் அந்தச் சண்டை பைன்வுட் ஸ்டுடியோவில் நடந்தது. அவர்களிடம் காசு இருந்தது, மறைத்தார்கள். இவர்களிடம் இல்லை, எழுத்தை நம்பினார்கள். ஐம்பது நிமிஷத்துக்கு அந்த எழுத்து தாங்குகிறதா என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன். சுவர் ஆடுகிறதா என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கலரில் எடுத்த கதையைப் பற்றிக் கேட்டீர்கள். 1967-ல் வந்த ‘தி சூப்பர்லேட்டிவ் செவன்’. எழுதியவர் அதே கிளெமென்ஸ். இந்த முறை ஃபிலிமில் எடுத்தார்கள், பணம் இருந்தது, நடிகர் பட்டியலில் டொனால்ட் சதர்லேண்ட், சார்லட் ராம்ப்லிங், பிரையன் பிளெஸ்ட் எல்லாம் உண்டு. மறுபடியும் மாறுவேட விருந்து, மறுபடியும் ஒவ்வொருவராகச் சாவு. ரயிலுக்குப் பதிலாக விமானி இல்லாத விமானம், அது போய் இறங்குவது ஒரு தீவில். அழகாக இருக்கிறது. ஆனால் தீவில் ஓட இடம் இருக்கிறது, ஒளிய இடம் இருக்கிறது. யார் யாரைக் கொல்வார்கள் என்று நாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறோம். ரயில் பெட்டியில் ஒதுங்க இடம் கிடையாது. கொலைகாரன் பக்கத்து இருக்கையில் கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நாமும் அங்கேயேதான் உட்கார வேண்டும். தன் கதையைத் தானே வசதியாக மறுபடி எழுதும்போது கிளெமென்ஸ் கைவிட்டது அந்த நெருக்கத்தை. முன்னெச்சரிக்கை ரேடாரும் போயிற்று, அதோடு வீட்டில் இருப்பவனின் பயமும் போயிற்று. மிஞ்சியது புதிர்.

அதனால் போதாது. இரண்டையும் பாருங்கள், 1963-ஐ முதலில், இடையில் எழுந்து போகாமல். அதற்குப் பிறகும் கலர்தான் உசத்தி என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெட்டாமல் போடுகிறேன்.