பழைய எச்எம்டி லேத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

எச்எம்டி என்எச்-26 லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) விலைக்கு வந்திருக்கிறது, பெயின்ட் புதிதாக இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்டை விடுங்கள், பெட்டைப் பாருங்கள், அதாவது கேரியேஜ் நகரும் அடித் தண்டவாளத்தை. வேலை பெரும்பாலும் சக் (கடையும் பொருளைப் பிடிக்கும் பாகம்) பக்கம் நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். அந்த இடத்தில் சேடில் கிப்பை (சேடிலை பெட்டோடு ஆடாமல் பிடிக்கும் பட்டை) லேசாக இறுக்கிவிட்டு, கேரியேஜை, அதாவது சேடிலோடு சேர்ந்து வெட்டும் டூலைச் சுமந்து நகரும் பகுதியை, சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்யும் கிரைண்டிங் செலவு பெரியது. அதை விலையில் கழித்துக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) முனையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவி) வைத்து, சக்கில் தடியான கம்பியைப் பிடித்து மேலே நெம்புங்கள். முள் தாராளமாக ஆடினால் பேரிங்கில் கோளாறு. கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) பேக்லாஷுக்கு, அதாவது கைப்பிடியைத் திருப்பும்போது வரும் வெற்று ஆட்டத்துக்குப் பயப்படாதீர்கள், அதன் ஸ்க்ரூ ஓடும் நட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓட்டிக் காட்டாத லேத்துக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.