கையேட்டில் நான்கு முத்திரைகள்: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் என் மகளுக்குச் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் பிரிவில் இடம் கிடைக்கும் நிலை. கல்லூரிக் கையேட்டில் ஏஐசிடிஇ, அண்ணா பல்கலைக்கழகம், நாக், என்பிஏ ஆகிய நான்கின் பெயருக்குப் பக்கத்திலும் ‘அங்கீகாரம்’ என்றே போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. குழப்பத்துக்குப் பாதிக் காரணம், அனுமதி, இணைப்பு, தரச்சான்று ஆகிய மூன்றையும் நாம் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான்.

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ தருவது பாடப்பிரிவை நடத்துவதற்கான அனுமதி; அண்ணா பல்கலைக்கழகம் தருவது இணைப்பு. பட்டச் சான்றிதழில் இருக்கப்போவது பல்கலைக்கழகத்தின் பெயர் என்பதால், இவ்விரண்டும் நடப்புக் கல்வியாண்டுக்கு இல்லையென்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். ஆனால், இவை இருப்பதாலேயே கல்லூரி தரமானது என்றும் ஆகிவிடாது.

1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு), கல்லூரியை முழுமையாக மதிப்பிடும் அமைப்பு. அதன் எழுத்துத் தரநிலைகளில், 4 புள்ளிக்கு 3.26 முதல் 3.50 வரை பெற்றால் ஏ பிளஸ். இத்தரநிலை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், எழுத்தைவிட அதன் கீழே இருக்கும் தேதியை முதலில் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழுவினர் சிலரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. ஆகவே எழுத்தோடு நின்றுவிடாமல், கல்லூரியின் இணையதளத்தில் இருக்க வேண்டிய தன்னாய்வு அறிக்கையை, அதாவது கல்லூரி தன்னைப் பற்றித் தானே நாக்குக்குத் தந்த அறிக்கையைத் திறந்து, ஆசிரியர் எண்ணிக்கை, அவர்களின் பணி அனுபவம் ஆகிய பக்கங்களையாவது படித்துவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் பொருந்துவது, என்பிஏ எனும் தேசியத் தரச்சான்று வாரியம் தருவது. அது கல்லூரிக்கு அல்ல, பாடப்பிரிவுக்கு வழங்கப்படும் தரச்சான்று. கையேட்டில் கல்லூரிப் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘என்பிஏ’ என்று இருக்கும். என்பிஏ இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்தால், இயந்திரவியலுக்கும் மின்னணுவியலுக்கும் மட்டும் வாங்கியிருப்பார்கள். விண்ணப்பிக்கவே குறைந்தது இரண்டு அணி (பேட்ச்) மாணவர்கள் படித்து வெளியேறியிருக்க வேண்டும் என்பதால், அண்மையில் தொடங்கிய பிரிவுக்குச் சான்று இல்லாதது குறையன்று. இயந்திரவியலின் சான்றைக் காட்டிப் புதிய பிரிவுக்கு ஆள் சேர்ப்பதுதான் குறை.

வெளிநாட்டு மேற்படிப்போ, அங்கே பொறியாளராகப் பதிவு செய்வதோ அவருடைய எண்ணமாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பொறியியல் பட்டங்களின் தரச்சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது; ஆயினும் அதன் பயன், பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் பெறும் ‘டயர் 1’ சான்று உள்ள பிரிவுகளுக்கே உண்டு. தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளுக்குக் கிடைப்பது ‘டயர் 2’.

பணம் கட்டும் முன், பிரிவின் பெயரும் முடிவுத் தேதியும் உள்ள என்பிஏ கடிதத்தின் நகலைக் கேளுங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்’ என்று சொன்னால், இன்றைய நிலையில் சான்று இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.