பன்னிரண்டு தந்தியும் மூன்று குரலும்

அன்புள்ள ஐயா,

டீனேஜ் ஃபேன்க்ளப் குழுவின் பாடல்களை ஒரு மாதமாக விடாமல் கேட்கிறேன். எத்தனை கேட்டாலும் சலிக்கவில்லை. நாங்கள் மூன்று கிட்டார்க்காரர்கள் சேர்ந்து அந்த பாணியில் ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் கூழாகிவிடுகிறது. பன்னிரண்டு தந்தி கிட்டார் வாங்கினால் அறுபதுகளின் அந்த மணியோசை வந்துவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிட்டார் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் சிக்கல் கருவியில் இல்லை, யார் எந்தச் சுருதி உயரத்தில் வாசிப்பது என்பதில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த அந்தக் குழுவில் நார்மன் பிளேக், ரேமண்ட் மெக்கின்லி, 2018 வரை இருந்த ஜெரார்ட் லவ் மூவருமே பாட்டு எழுதினார்கள், மூவருமே பாடினார்கள். 1991இல் வந்த ‘பேண்ட்வேகனெஸ்க்’ தொகுப்பின் முதல் பாட்டு ‘த கான்செப்ட்’. அதன் பின்பாதியைக் கேளுங்கள். வேகம் தணிந்து, சொற்களே இல்லாத குரல்கள் எழும். கிட்டாரில் கரகரப்பு இருக்கும், குரலில் துளியும் இருக்காது. இந்தப் பிரிவினைதான் அவர்களுடைய அழகு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் மூன்று கிட்டாரும் ஒரே இடத்தில் ஓபன் கார்டு, அதாவது சில தந்திகளை அழுத்தாமல் திறந்தே விட்டுப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு, அடிக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படி அடித்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் எல்லாம் போய்க் குவியும். பாட்டு ஏ, டி, இ கார்டுகளில் இருந்தால், ஒருவர் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் இரண்டாம் கட்டத்தில்) கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்தும் கவ்வி, போட்டு ஜி, சி, டி வடிவங்களைப் பிடிக்கட்டும். இன்னொருவர் ஏழாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி, ஜி, ஏ பிடிக்கட்டும். கார்டு அதேதான், உயரம் வேறு. இந்த இரண்டாவது கிட்டாரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸ் கிட்டாருக்கு உரியது. மூன்றாமவர்தான் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு, போட வேண்டும். அவரும் முழுக் கார்டு அடிக்கக் கூடாது, கார்டின் மூல ஸ்வரமும் அதிலிருந்து ஐந்தாவது ஸ்வரமும் போதும். கார்டின் மூன்றாவது ஸ்வரம் டிஸ்டார்ஷனுக்குள் போனால் ஒன்றோடொன்று உரசிப் புதுப்புது ஒலிகள் கிளம்பும். நீங்கள் சொல்லும் கூழில் பாதி அதுதான். அந்த ஸ்வரத்தைக் குரலுக்கு விட்டுக்கொடுங்கள்.

குரலுக்கு ஒரு சின்ன விஷயம். வரி முடிவில் வரும் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை ஒருவர் மட்டும் உச்சரிக்க வேண்டும். மற்ற இருவரும் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொண்டால் மூன்று குரலும் ஒன்றாக மூடும்.

இதெல்லாம் செய்த பிறகும் பன்னிரண்டு தந்தி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் 1965இல் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்குவின் வாசித்த ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்தி கிட்டாரின் ஒலியில் பெரும்பங்கு கம்ப்ரஸருடையது, அதாவது சத்தத்தின் உச்சத்தை அழுத்தி ஓசையை நீளச் செய்யும் கருவியுடையது. அது இல்லாவிட்டால் ‘டிங்’ என்று எழும் ஓசை உடனே செத்துவிடும். ஒரே கம்ப்ரஸரில் 8 டெசிபல் அழுத்துவதைவிட, இரண்டை வரிசையாக வைத்து ஆளுக்கு 4 டெசிபல் அழுத்துங்கள். இரைச்சலும் கூடவே ஏறும், அதனால் கிட்டாரின் வயரையும், தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

ரிக்கன்பேக்கரில் இன்னொரு தனித்தன்மை உண்டு. பன்னிரண்டு தந்தி கிட்டாரில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். மற்ற பன்னிரண்டு தந்தி கிட்டார்களில் கீழ்நோக்கி அடிக்கும்போது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய ஆக்டேவ் தந்திதான் முதலில் அதிரும், இதில் தடித்த தந்தி முந்திக்கொள்ளும். சத்தம் கனமாகத் தொடங்கி மேலே மின்னுவது அதனால்தான்.

ட்யூன் செய்யும்போது ஆறு முதன்மைத் தந்திகளை முடித்துவிட்டு ஜோடிகளுக்கு வாருங்கள். ஜி ஜோடியின் மெல்லிய தந்தி 0.008 அல்லது 0.009 அங்குலம்தான் இருக்கும், சுருதியோ முதல் தந்தியைவிட உயரம். அறுந்தால் முதலில் அறுவது அதுதான். தனியாக நான்கைந்து வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.