1880-க்கு முன் யார் யாருக்குப் பிள்ளை? அமெரிக்கக் கிராமத்து முன்னோரைத் தேடுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: என் கணவரின் எள்ளுத்தாத்தா இண்டியானாவில் விவசாயி. 1860 வாக்கில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்கலாம்?

பதில்: இருக்காது. அங்கே கவுண்டிகள் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1882-ல்தான். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 1900 சென்சஸில் பிறந்த மாதம், வருடம், மணமாகி எத்தனை வருடம் எல்லாம் இருக்கும். 1890 சென்சஸ் 1921-ல் வாஷிங்டன் தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டது. அடுத்து 1880-க்குத் தாவ வேண்டியதுதான். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருந்தால், தகவல் தந்தவர் யார் என்பதையும் பாருங்கள். மருமகன் சொன்னதென்றால் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

கேள்வி: 1850 சென்சஸில் கணவர், மனைவி, கீழே ஐந்து பிள்ளைகள். தாய் பெயர் கிடைத்துவிட்டது, இல்லையா?

பதில்: இல்லை. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதும் உறவுமுறைப் பத்தி 1880-ல்தான் சேர்ந்தது. அதற்கு முன் இருப்பது ஒரே வீட்டில் வசித்தார்கள் என்ற சாட்சி மட்டுமே. மனைவிக்கு என்ன வயது?

அதே வாசகர்: 24. மூத்த பையனுக்கு 13. ஆனால் இணையத்தில் உள்ள எல்லாக் குடும்ப மரங்களிலும் இவர்தான் தாய்.

பதில்: 11 வயதில் பிள்ளை பெற்றார் என்றா அந்த மரங்கள் சொல்கின்றன? ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை. மூலப் பதிவைக் காட்டாத மரத்தை நகலெடுக்காதீர்கள்.

அதே வாசகர்: உயில்கூட இல்லையே, வேறு எதை வைத்துச் சொல்வது?

பதில்: நிலப் பத்திரத்தை வைத்து. கணவர் நிலத்தை விற்கும்போது மனைவியும் தன் விதவைப் பங்கை (கணவர் இறந்தால் அவர் நிலத்தில் தனக்குள்ள உரிமையை) விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவது வழக்கம். 1843 பத்திரத்தில் மனைவி மேரி, 1848-ல் சாரா என்றால், இரண்டாம் திருமணப் பதிவை அந்த ஐந்து வருடத்துக்குள் தேடுங்கள். உயில் எழுதாமல் கணவர் இறந்திருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது. நிலம் எல்லா வாரிசுக்கும் போகும். பிறகு அவர்கள் சேர்ந்து விற்பார்கள். மகள்களோடு மருமகன்களும் கையெழுத்திட்டிருப்பார்கள், தொலைதூரம் போனவர்களின் புது ஊரும் தெரியவரும். பத்திரப் பதிவேட்டின் விற்றவர் பெயர் அட்டவணையில் தகப்பன் பெயரோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளை பெயரிலும், ‘மற்றும் பிறர்’ என முடியும் பதிவுகளிலும் தேடுங்கள். விதவை இறக்கும்வரை விற்பனை 20, 30 வருடம்கூடத் தள்ளிப்போயிருக்கலாம்.

கேள்வி: என் முன்னோர் 1871-ல் அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் பெயரை மாற்றிவிட்டார்களாம்.

பதில்: எல்லிஸ் தீவு திறந்தது 1892-ல். நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அதற்கு முந்தைய குடியேற்ற நிலையமான காசில் கார்டன். எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் கப்பல்காரர் கொண்டுவந்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயர் பெரும்பாலும் பிற்பாடு, குடியேறிய ஊரில், குடும்பத்தார் கையாலேயே மாறியது.

கேள்வி: 1860 சென்சஸில் ஒரு தம்பதிக்குக் கீழே என் முன்னோர் பெயர். பெற்றோர்தானே?

பதில்: மேலே சொன்னதேதான். 1880-க்கு முன் உறவுமுறைப் பத்தி கிடையாது.

கேள்வி: கவுண்டி நீதிமன்றத்தில் 1835 பத்திரமே இல்லை என்கிறார்கள்.

பதில்: அந்தக் கவுண்டி எப்போது உருவானது என்று பாருங்கள். 1838-ல் பிரிந்திருந்தால் பத்திரம் தாய்க் கவுண்டியில் இருக்கும். ‘தீயில் போச்சு’ என்று முடிவுகட்டுமுன் இதைப் பாருங்கள்.

கேள்வி: நெப்ராஸ்காவில் என் முன்னோருக்கு ஹோம்ஸ்டெட் நிலம் (குடியிருந்து பயிரிடுவோருக்கு அரசு தந்தது) 160 ஏக்கர். பட்டா நகல் கிடைத்தது, அதில் ஒன்றுமே இல்லை.

பதில்: பட்டா ஒரு பக்கம்தான். அதிலுள்ள எண், நில அலுவலகத்தின் பெயர் இரண்டையும் கொடுத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பைக் கேளுங்கள். ஐந்து வருடம் குடியிருந்ததை நிரூபிக்க வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் சொல்லியிருப்பார். வெளிநாட்டில் பிறந்தவரென்றால் குடியுரிமைத் தாளும் இருக்கும். சாட்சி சொன்ன பக்கத்து நிலத்துக்காரர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பலமுறை அவர்கள் மச்சான், மாமனார்தான்.

1850 வாசகர் மீண்டும்: பத்திரம் கிடைத்தது. ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு என்றிருக்கிறது, ஆனால் கையெழுத்து ஏழு பேர்தான்!

பதில்: அருமை. எட்டாமவர் தன் பங்கை முன்பே உடன்பிறந்தவருக்கு விற்றிருக்கலாம். அட்டவணையில் பின்னோக்கிப் பாருங்கள். மைனர் என்றால் கார்டியன் நீதிமன்ற அனுமதியோடு தனிப் பத்திரம் எழுதியிருப்பார். கார்டியன் கோப்பை அவசியம் எடுங்கள். கார்டியன் இருந்தாலே தாயில்லாப் பிள்ளை என்று முடிவுசெய்ய வேண்டாம். தகப்பன் சொத்து வந்த பிள்ளைக்குத் தாய் உயிரோடிருந்தாலும் கார்டியனை நியமித்தார்கள்.