பகுதி நேர வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஆட்டிசம் இருக்கிறது, எப்போதாவது வலிப்பும் வரும். சிறப்புப் பள்ளிக்குப் போகிறான்; வாரத்தில் 3 நாள் சாயங்காலம் தெரபி. அவனுக்காக வேலையை விட்டேன். இப்போது பழைய அலுவலகத்தில் தினமும் 4 மணி நேர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நேரத்தை என் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாமாம். நான் போனால் அவன் முன்னேற்றம் தடைபடுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். நான் யோசிப்பது அந்த ‘வசதிப்படி’யைப் பற்றித்தான். அம்மா இன்று காலையில் கிளம்பி, நாளை மதியம் கிளம்பினால் உங்கள் மகனுக்கு நாளே குழம்பிவிடும். அதோடு, எல்லை போடாத 4 மணி நேரம் சத்தமில்லாமல் 6 மணி நேரமாகும். ஒரே நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த நேரம்? சம்மதம் சொல்வதற்கு முன் 2 வாரம் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்: எப்போது எழுகிறான், எப்போது அடம் கூடுகிறது, பள்ளியிலிருந்து எப்போது போன் வருகிறது. பல குழந்தைகள் பள்ளியில் அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் கொட்டுவார்கள். உங்கள் மகனும் அப்படியென்றால், அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அலுவலக போன்கூட இல்லாமல். தெரபியும் சாயங்காலம் என்பதால் பள்ளி நேரத்திலேயே வேலையை முடிப்பதுதான் தோது.

முன்னேற்றம் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் முன்னேற்றம் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மணிக்கணக்கில் இல்லை. வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியே விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலைகளையும் வைத்துத்தான் நடக்கிறது. சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பட்டனையும் நீங்கள் போட்டு, கடைசிப் பட்டனைப் பாதி நுழைத்து விடுங்கள். மீதியை அவன் இழுக்கட்டும். அது கைவந்ததும் கடைசிப் பட்டன் முழுவதும் அவனுடையது, அப்புறம் கடைசி இரண்டும். முடித்த திருப்தி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைக்கும். வேலைக்குப் போகிறவராலும் இதைச் செய்ய முடியும்.

பள்ளி விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பாட்டியோ பணியாளரோ, முதலில் நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும்போது அவனைப் பார்த்துப் பழகட்டும். அவன் கவனிக்காதபோது நழுவிப் போகாதீர்கள். அன்றைக்கு அழுகை இருக்காது, ஆனால் மறுநாளிலிருந்து உங்கள் காலைக் கட்டிக்கொள்வான். அம்மா கிளம்புவது, அம்மா திரும்பி வருவது என்று இரண்டு படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள்.

வலிப்புக் குறிப்பை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரம் பார்க்கவும், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். மருந்தின் பெயர், அளவு, டாக்டர் எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்: வேலை நேரம், விடுப்பு, அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு. பகுதி நேரம் என்பதற்காகப் பலன்களை மொத்தமாக விட்டுக்கொடுக்க வேண்டாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1994-ஆம் ஆண்டு உடன்படிக்கை, பகுதி நேர ஊழியருக்கும் அடிப்படைச் சம்பளம் மணிக்கணக்குப்படி குறையாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. (இப்படி வரும் கேள்விகளில் பெரும்பாலும் இருப்பதில்லை!) அவர் இருந்தால், தெரபி நேரம் வாங்குவது, அழைத்துப் போவது, மருந்து தீருமுன் வாங்கி வைப்பது என்று ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் அந்த வேலை இன்னும் உங்கள் தலையில்தான்.

முதல் 3 மாதத்தைச் சோதனைக் காலமாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவன் தூக்கமும் சாப்பாடும் கொஞ்சம் தடுமாறும், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தாலோ, தெரபி அடிக்கடி தள்ளிப்போனாலோ, தெரபி நாட்களை விட்டுவிட்டு மற்ற நாட்களுக்கு மட்டும் வருவதாகக் கேளுங்கள். வலிப்பு கூடினால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.