ஆறாம் வருடச் செலவு யார் தலையில்?

நீடித்த வளர்ச்சிப் பணிகளில் அறக்கட்டளைகளும் உலக அமைப்புகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுடையது நடுத்தரமான குடும்ப அறக்கட்டளை. உலக வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் புழங்கும் தொகையைப் பார்த்தால், எங்கள் பணம் கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி. அவர்களோடு சேர்வதில் அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு, கரைக்கிற இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படி 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டுகளில் உலக அறக்கட்டளைகள் வளர்ச்சிப் பணிகளுக்குக் கொடுத்தது சுமார் 4,250 கோடி டாலர். அதே காலத்தில் அரசுகளின் வளர்ச்சி உதவி ஆண்டுக்கே ஏறத்தாழ 15,000 கோடி டாலர். ஆக, ஆண்டுக் கணக்கில் உங்களைப் போன்றோர் எல்லாரும் சேர்ந்து கொடுப்பது அரசுகள் கொடுப்பதில் பதினான்கில் ஒரு பங்கு. அரசுகள் ஏற்கெனவே செலவழிக்கும் இடத்தில் போய் நீங்களும் கொட்டினால் ஒன்றும் தெரியாது.

அரசுப் பணத்துக்குக் கை கால் கட்டியிருக்கும். மக்களின் வரிப்பணம் என்பதால், தோற்றுப்போகக்கூடிய முயற்சிக்கு ஒப்புதல் வாங்குவது கடினம். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. 1960-ல் ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. அப்போது அது பலன் தரும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. 1966-ல் அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர்.8 நெல் ரகம் வெளிவந்தது. இத்தகைய நிலையங்கள் பெருகப் பெருக, அவற்றின் செலவு இரண்டு அறக்கட்டளைகள் தாங்கும் அளவைத் தாண்டியது. 1971-ல் உலக வங்கி, உணவு வேளாண் அமைப்பு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மூன்றும் முன்நின்று அமைத்த சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் அந்தச் சுமையை ஏற்றது. முதல் பதினோரு வருட அபாயம் கொடையாளருடையது, பிறகு வந்த நெடுங்காலச் செலவு பொது அமைப்புகளுடையது. இன்றைக்கும் இதைவிட நல்ல வேலைப் பிரிவினையை நாங்கள் பார்க்கவில்லை.

கேள்வி: ஐ.நா. அமைப்பு ஒன்றுக்கு நிதி கொடுக்க நினைக்கிறோம். நடைமுறை என்ன? எவ்வளவு நிர்வாகச் செலவுக்குப் போகும்?

பதில்: முதலில் அவர்கள் உங்களை ஆராய்வார்கள். மூலதனம் எங்கிருந்து வந்தது, எதில் முதலீடு செய்திருக்கிறீர்கள், அறங்காவலர்கள் யார் யார் என்று எல்லாம் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஏற்ற விதிமுறைப்படி, புகையிலைத் தொழிலோடும் ஆயுதத் தொழிலோடும் அது எந்த உறவும் வைத்துக்கொள்ளாது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் முதலீட்டுப் பட்டியலை நீங்களே ஒருமுறை அலசிவிடுங்கள். பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஏதோ ஒரு பங்கில் போய் முட்டிக்கொள்வது வீண் அலைச்சல்.

அடுத்தது, தலைமையகத்தைவிட அந்த நாட்டிலுள்ள கிளை அலுவலகத்தோடு பேசுவது பலன் தரும். அரசின் எந்தத் துறை இதை விரும்புகிறது, எது முகம் சுளிக்கும் என்பது அங்கேதான் தெரியும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பண ஒப்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது நல்லெண்ணக் கடிதம்தான். பணம் நகர்வது தனியாகப் போடும் நிதியளிப்பு ஒப்பந்தத்தில்.

கட்டணத்துக்கு வருவோம். ஐ.நா.வின் பல கொடையாளர் கூட்டு நிதியங்களில் நிதியை நிர்வகிக்கும் அலுவலகம் 1% எடுக்கும். வேலை செய்யும் அமைப்பு, திட்டச் செலவின் மேல் 7% மறைமுகச் செலவாகப் போடும். 10 லட்சம் டாலர் கொடுத்தால் முதலில் 10,000 போகும். மீதி 9,90,000-ல் சுமார் 64,800 மறைமுகச் செலவு, திட்டத்துக்கு நிற்பது சுமார் 9,25,200. கூட்டு நிதியம் இல்லாமல் நேராகக் கொடுத்தால் விகிதம் மாறும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் வழக்கமாக 8%, ஐ.நா. செயலகத்தின் நிதியங்களில் 13%.

இந்தச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. உண்மையான கசிவு வேறு இடத்தில். அமைப்பு பணத்தை ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்கும், அது உள்ளூர் சங்கத்துக்குக் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு மேல்செலவு ஏறும். அதோடு, ஊழியர் சம்பளமும் பயணமும் மறைமுகச் செலவில் வராது. திட்டச் செலவு என்ற தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: பணம் எத்தனை கை மாறும்? கடைசிக் கையில் எவ்வளவு நிற்கும்? பதில் எழுத்தில் வரட்டும்.

இன்னொன்று: ஐ.நா. அமைப்புகளின் கணக்கை அவற்றின் சொந்த உள், வெளித் தணிக்கையாளர்கள்தான் பார்க்க முடியும். உங்கள் தணிக்கையாளரை அனுப்ப முடியாது. இதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. மோசடி தெரியவந்தால் எத்தனை நாளில் உங்களுக்குச் சொல்ல வேண்டும், செலவாகாத மீதி திரும்புமா அல்லது வேறு பணிக்குப் போகுமா, டாலரில் கணக்கு வைக்கும்போது நாணய மாற்று இழப்பு யாருடையது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கொடுத்தால் அவர்களின் சின்னத்தை எங்கள் பலகையில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கேட்காமல் கூடாது. ஐ.நா. சின்னத்தின் உபயோகத்தை 1946-ம் ஆண்டுப் பொதுச்சபைத் தீர்மானமே கட்டுப்படுத்துகிறது. எழுத்து அனுமதி வேண்டும்.

கேள்வி: நாங்கள் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு என்று எழுதித்தான் கொடுக்கிறோம். இது தப்பு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. எல்லாரும் அப்படியே கொடுத்தால் அமைப்பின் நடுமுதுகு ஒடியும். உலக சுகாதார நிறுவனத்தைப் பாருங்கள்: உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா அதன் மொத்த வரவு செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. மீதி பெரும்பாலும் 'இன்ன வேலைக்கு' என்று தலைப்பு எழுதி வந்த பணம். எந்த நோய்க்குக் கொடையாளர் இருக்கிறாரோ அங்கே ஆள் இருக்கும், இல்லாத இடம் காலியாகக் கிடக்கும். இதைச் சரிசெய்யத்தான் 2022-ல் உறுப்பு நாடுகளின் சபையான உலக சுகாதாரப் பேரவை, அடிப்படை வரவு செலவில் பாதி அளவுக்குச் சந்தாவைப் படிப்படியாக உயர்த்த ஒப்புக்கொண்டது. நீங்கள் முழுக்கத் தலைப்பில்லாமல் கொடுக்கத் தயங்கினால், துறை அளவில் எழுதிக் கொடுங்கள். 'குழந்தைகள் நலம்' என்று எழுதினால் வேலை செய்பவருக்கு மூச்சுவிட இடம் இருக்கும். 'இந்த மாவட்டத்தில் இந்த மாதத்தில் இந்தக் கருவி' என்று எழுதினால் இருக்காது.

கேள்வி: அறக்கட்டளைப் பணத்தைக் கொண்டு அரசின் கடனை அடைப்பது என்று ஒரு முறை இருப்பதாகப் படித்தேன். கடனை அடைப்பது எப்படித் தர்மம் ஆகும்?

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் இது கொஞ்சம் பணத்தைப் பெரிதாக்கும் முறை. 2003-ல் போலியோ சொட்டு மருந்து வாங்க நைஜீரியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உலக வங்கி சலுகைக் கடன் கொடுத்தது. கேட்ஸ் அறக்கட்டளை, ரோட்டரி, ஐ.நா. அறக்கட்டளை ஆகியவை அந்தக் கடனை அடைப்பதற்கான நிதியைத் தனியே ஒதுக்கி வைத்தன. மருந்து உரிய காலத்தில் வந்து சேர்ந்து, குறித்த விகிதக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சரிபார்க்கப்பட்டால் கொடையாளர் கடனை அடைப்பார்கள். அரசுக்கு அது மானியம் ஆகிவிடும். வேலை நடக்காவிட்டால் கடன் கடனாகவே நிற்கும். 2011-ல் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த போலியோ கடனிலும் கேட்ஸ் அறக்கட்டளை இதே ஏற்பாட்டைச் செய்தது.

பணம் எங்கே பெரிதாகிறது? உலக வங்கியின் சலுகைக் கடன் பல பத்தாண்டுகளில், வட்டி கிட்டத்தட்ட இல்லாமல் திருப்பிக் கட்ட வேண்டியது. முப்பது வருடம் கழித்துக் கட்ட வேண்டிய நூறு, இன்றைய மதிப்பில் நூறைவிட எவ்வளவோ குறைவு. கொடையாளர் அந்த இன்றைய மதிப்பை மட்டும் கட்டினால் போதும். கையில் வைத்த தொகையைவிடப் பெரிய தொகைக்கு மருந்து வாங்கப்படுகிறது.

இதில் சறுக்கும் இடம், வெற்றியை எப்படி அளப்பது என்பது. வேலை செய்கிற துறையே தன் பதிவேட்டைக் காட்டி 'முடிந்தது' என்று சொல்ல விட்டால், பதிவேடு அழகாக இருக்கும், குழந்தை மருந்து குடித்திருக்காது. அளப்பவர் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும், வீடு வீடாக மாதிரிக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், அதற்கான செலவு முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். தடுப்பு மருந்து போல எண்ணிப் பார்க்க முடிகிற வேலைக்கு இது பொருந்தும். பள்ளிக் கல்வியின் தரம் போன்றவற்றில் இதை நுழைத்தால், எண்ண முடிந்ததை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: பெரிய பெயர்கள், போதிய பணம், நல்ல மனசு எல்லாம் இருந்தும் சில திட்டங்கள் ஏன் படுத்துவிடுகின்றன?

பதில்: பிளே பம்ப் கதையைச் சொன்னால் விளங்கும். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினம், அதன் அடியில் ஆழ்துளைக் கிணற்றின் பம்பு. ராட்டினம் சுற்றச் சுற்றத் தண்ணீர் மேலேறி 2,500 லிட்டர் தொட்டியில் விழும். தொட்டியின் நான்கு பக்கமும் விளம்பரப் பலகைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு. 2006-ல் அமெரிக்க அரசும் அந்நாட்டின் கேஸ் (Case) அறக்கட்டளையும் 1.64 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தன. 2010-க்குள் ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

களத்தில் நடந்தது வேறு. குழந்தைகள் விளையாடும் நேரமும் வீட்டுக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரமும் ஒன்றல்ல. விடிகாலையில் குடத்தோடு வந்த பெண்கள், குனிந்து அந்தச் சக்கரத்தைத் தாங்களே தள்ள வேண்டியிருந்தது. சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். கைப்பம்பு பழுதானால் உள்ளூர் ஆளே வாஷர் மாற்றிவிடுவார். இதற்கு உதிரிப் பாகமும் ஆளும் தொலைவிலிருந்து வர வேண்டும். விளம்பரம் கொடுக்க அந்தக் கிராமத்துக்கு எந்தக் கம்பெனி வரும்? தட்டிகள் வெறுமையாகவே நின்றன. பராமரிப்புப் பணமும் வரவில்லை. 2010-ல் கேஸ் அறக்கட்டளை இது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. மற்ற கொடையாளர்களும் அந்த நேர்மையைப் பின்பற்ற வேண்டும். தோல்வியை மூடி வைத்தால் அடுத்தவர் அதே குழியில் விழுவார்.

இதற்கு நேர்மாறு நரம்புச்சிலந்தி என்ற புழு நோயின் ஒழிப்பு. 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 21 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குளத்துத் தண்ணீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சி வழியாக உடலுக்குள் போகும் புழு, ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால் புழு அங்கேயே தன் இளம்புழுக்களைத் தண்ணீரில் விடும். தண்ணீரை வடிகட்டுவதும், புண்ணோடு குளத்தில் இறங்காமல் தடுப்பதும்தான் ஆயுதம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் சிறு குழாய், அதன் நுனியில் சல்லடை. வயலுக்குப் போகிறவர் அதன் வழியே உறிஞ்சிக் குடிப்பார்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையம் கிராமங்களில் தொண்டர்களைப் பயிற்றுவித்தது, யுனிசெஃப் பாதுகாப்பான தண்ணீரைப் பார்த்துக்கொண்டது, கம்பெனிகள் வடிகட்டித் துணியும் குளத்து மருந்தும் கொடுத்தன, நாட்டுச் சுகாதாரத் துறை முன்நின்றது. ஒழிந்தது என்று சான்று கொடுப்பது உலக சுகாதார நிறுவனம் மட்டும். அதுவும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நோயாளிகூட இல்லை, தேடுதலும் ஒழுங்காக நடந்தது என்று காட்டினால்தான். செய்பவரும் சான்றளிப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் மனிதரில் நோய் எண்ணிக்கை 15-ஐத் தாண்டவில்லை. முடிந்துவிட்டதா என்றால் இல்லை. சாட் நாட்டில் நாய்களிலும் புழு தென்பட்டது. இன்று அங்கே நாய்களைக் கட்டிவைப்பதும், அவை தின்னாதபடி மீன் குடலைப் புதைப்பதும் திட்டத்தின் வேலை. அதற்கும் நிதி கொடுக்க ஆள் இருந்ததால்தான் வேலை நிற்கவில்லை.

கேள்வி: எத்தனை வருடம் கொடுப்பது? எப்போது விலகுவது?

பதில்: கொடுக்க ஆரம்பிக்கும் அன்றே இதைப் பேசிவிட வேண்டும். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் காவி (Gavi) கூட்டமைப்பின் முறை பாடமாக இருக்கும். மிக ஏழை நாடு டோஸ் ஒன்றுக்கு 20 செண்ட் கட்ட வேண்டும். தொகை சொற்பம்தான், ஆனால் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரி உருவாகிவிடுகிறது. வருமானம் உயர உயர நாட்டின் பங்கு ஆண்டுதோறும் ஏறி, கடைசியில் முழு விலையும் அரசுடையதாகும்.

போலியோ ஒழிப்பில் வேறு மாதிரிச் சிக்கல் வந்தது. பல நாடுகளில் போலியோ நிதியில் சம்பளம் வாங்கிய ஊழியர்களே தட்டம்மைக் கண்காணிப்பையும் மற்ற தடுப்பூசி வேலைகளையும் பார்த்து வந்தார்கள். போலியோ குறைந்து நிதி குறைய ஆரம்பித்ததும், போலியோவுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளில் ஓட்டை விழும் ஆபத்து எழுந்தது. உங்கள் பணத்தில் சம்பளம் வாங்குபவர் உண்மையில் என்னென்ன வேலை செய்கிறார் என்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் எடுங்கள்.

ஐந்து வருடத் திட்டம் என்றால் மூன்றாம் வருடத்திலிருந்து உங்கள் பங்கைப் படிப்படியாகக் குறைத்து, ஆறாம் வருடச் செலவை ஏற்கப்போவது யார் என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பில் தொகையோடு எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் சுகாதாரத் துறையின் கையெழுத்து மட்டும் இருந்தால் நிதித் துறையின் கையெழுத்தையும் கேளுங்கள். புதுப் பணியிடத்தைச் சம்பளப் பட்டியலில் ஏற்றப் பெரும்பாலும் நிதித் துறை தலையசைக்க வேண்டும்.