ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷை வீட்டிலேயே மாற்ற முடியுமா? மாற்றிய பிறகும் சத்தம் திரும்பி வருவது ஏன்?

முடியும். பெரும்பாலான சிறிய கார்களில் இது வீட்டு வாசலிலேயே முடித்துவிடக்கூடிய வேலை. நாலு போல்ட்டைக் கழற்றி, பழைய ரப்பரை எடுத்து, புதியதைப் போட்டு முடுக்கினால் தீர்ந்தது என்றுதான் பார்க்கும்போது தோன்றும். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம். புது புஷ் போட்ட பிறகும் தட்டல் கேட்டால் பெரும்பாலும் அந்த ரப்பர் மேல் தப்பிருக்காது. பார் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் புஷ்ஷின் உள்விட்டம் தவறாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே சத்தம் வேறு பாகத்திலிருந்து வந்திருக்கும்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். முன்பக்க இரண்டு சக்கரங்களையும் இணைத்து, அகலமான ப வடிவில் ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி குறுக்கே போகிறது. அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளும் லிங்க் ராடு என்ற சிறு இணைப்புக் கம்பி வழியாக ஸ்ட்ரட்டிலோ (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) லோயர் ஆர்மிலோ (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கை) சேர்கின்றன. நடுப்பகுதியை இரண்டு புஷ்கள், அதாவது மாட்டுவதற்காக ஒரு பக்கம் வெட்டுவாய் (பிளவு) விட்ட ரப்பர் வளையங்கள், சப் ஃப்ரேமோடு (என்ஜினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம்) பிடித்து வைக்கின்றன. ஒவ்வொரு புஷ்ஷையும் மேலிருந்து அழுத்தி, இரண்டு போல்ட்டில் நிற்கும் உலோகப் பட்டைதான் கிளாம்ப். வளைவில் கார் சாயும்போது பார் முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறி இறங்கினால் பார் முறுக்காது, புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும். அதனால்தான் வேகத்தடையை நேராக ஏறினால் பெரிதாகச் சத்தம் வராத கார், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ‘தட்’ என்கிறது. புஷ் தேய்ந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. குறைந்த வேகத்தில், கரடுமுரடான சாலையில், மந்தமான தட்டலாகக் கேட்கும்.

கூர்மையாக, உலோகம் உலோகத்தில் படுவதுபோல ‘கட கட’ என்று கேட்டால் முதலில் லிங்க் ராடைச் சந்தேகப்படுங்கள். பிரேக் மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு தட்டல் என்றால் லோயர் ஆர்ம் புஷ். கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகுகிறது என்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்.

சந்தேகம் தீராவிட்டால் கையால் தொட்டுப் பாருங்கள். கார் தரையிலேயே நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கையை விட்டு லிங்க்கின் பந்து மூட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கூரை ஓரத்தைப் பிடித்துக் காரைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். மூட்டு தேய்ந்திருந்தால் அந்தத் தட்டல் விரலிலேயே தெரியும். மூட்டு அமைதியாக இருந்து, சத்தம் உள்ளிருந்து வந்தால் புஷ் பக்கம் போங்கள். புஷ் எட்டும் தூரத்தில் இருந்தால் அதையும் இப்படியே தொட்டுப் பார்க்கலாம்.

புதியது வாங்கும்போது கார் மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் மட்டும் போதாது. ஒரே மாடலில் என்ஜினைப் பொறுத்தும் வருடத்தைப் பொறுத்தும் பாரின் தடிமன் 1 மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். சிறிய கார்களில் பொதுவாக 18 முதல் 24 மி.மீ. வரை வரும். வெர்னியர் காலிப்பரால் உங்கள் காரின் பாரை, புஷ்ஷுக்குப் பக்கத்தில் தேயாத இடத்தில், துருவைத் துடைத்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். பல புஷ்களில் உள்விட்டம் ரப்பரிலேயே அச்சாகியிருக்கும். உள்விட்டம் 1 மி.மீ. கூடினால் முதல் நாளிலிருந்தே தட்டும். குறைந்தால் வெட்டுவாய் மூடாமல் பிளந்து நிற்கும், கிளாம்ப் முழுதாக உட்காராது. எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போடுவதில் எந்த மிச்சமும் இல்லை. லிங்க் ராடைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் அதற்குப் புது லாக் நட்டும் வேண்டும்.

ரப்பரா, பாலியூரித்தேனா என்று கேட்பீர்கள். தினசரி ஓட்டும் காருக்கு ஒரிஜினல் தரத்து ரப்பர்தான் என் தேர்வு. பாலியூரித்தேன் கெட்டியானது, எண்ணெய் பட்டாலும் எளிதில் ஊறாது. ஆனால் உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்ததும் கீச்சிட ஆரம்பிக்கும். அவ்வப்போது கழற்றிக் கிரீஸ் வைக்கும் பொறுமை இருப்பவர்களுக்கே அது சரிப்படும்.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை ஜாக்கி, தாங்கு ஸ்டாண்ட் இரண்டு, பின் சக்கரத்துக்கு அடைப்புக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. கூடவே 12, 13, 14, 15, 17 மி.மீ. சாக்கெட்டுகள், 25 செ.மீ. எக்ஸ்டென்ஷன், வளையும் மூட்டு, ரிங் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி), கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, 320 நம்பர் உப்புத்தாள். லிங்க்கின் நடுத்தண்டு கூடவே சுற்றாமல் பிடிக்க ஆலன் கீ தேவைப்படலாம், பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ.

வேலையைத் தொடங்குவதற்கு முன், கிளாம்ப் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, சாக்கெட் போகுமா என்று பாருங்கள். சில கார்களில் பார் சப் ஃப்ரேமுக்கு மேலே, ஸ்டீயரிங் ராக்குக்கு (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) பக்கத்தில் ஒளிந்திருக்கும். அங்கே சப் ஃப்ரேமின் பின் போல்ட்டுகளைக் கழற்றி, அதை ஜாக்கியில் தாங்கியபடி சில சென்டிமீட்டர் இறக்கினால்தான் கை போகும். அது வேறு அளவு வேலை. ஸ்டீயரிங் தண்டின் இணைப்பைக் கழற்ற வேண்டி வரலாம். கழற்றிய நிலையில் ஸ்டீயரிங் சக்கரம் சுற்றிவிட்டால் ஏர்பேக்கின் சுருள் வயர் அறுந்துபோகும். சப் ஃப்ரேம் போல்ட்டுகளைச் சில தயாரிப்பாளர்கள் மறுபடி பயன்படுத்தவே கூடாது என்கிறார்கள், முடித்த பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். இந்த வகைக் காரென்றால், சர்வீஸ் மேனுவலும் முன் அனுபவமும் இல்லாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. இதற்குக் கீழே சொல்வதெல்லாம் போல்ட் கைக்கு எட்டும் கார்களுக்கு.

முந்தின இரவே நான்கு போல்ட்டிலும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் காரைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களை அடைத்து, முன்பக்கத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சரிவு மேடை இருந்தால் அதில் ஏற்றுவது இன்னும் நல்லது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஒரு சக்கரம் தொங்கும், மற்றது அழுந்தியிருக்கும். நடுவில் பார் முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் போல்ட்டை எடுத்தால் கிளாம்ப் தெறிக்கும், பார் துள்ளி விரலை நசுக்கும். திரும்ப மாட்டும்போது ஓட்டைகளும் நேருக்கு நேர் வராது.

கழற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்: புஷ்ஷின் வெட்டுவாய் முன்னே பார்க்கிறதா பின்னேயா, தட்டைப் பக்கம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, பாரில் நிறுத்து வளையம் இருந்தால் புஷ் அதற்கு உள்பக்கமா வெளிப்பக்கமா. பிறகு புஷ்ஷின் இரு ஓரங்களிலும் பாரின்மேல் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பார் பக்கவாட்டில் 1 செ.மீ. நகர்ந்துவிட்டால்கூட லிங்க் கோணலாக நின்று வேறு எங்காவது இடிக்கும்.

போல்ட் இளகாவிட்டால் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். கால் திருப்பு பின்னால், கொஞ்சம் முன்னால், மறுபடி ஸ்பிரே, மறுபடி பின்னால். சப் ஃப்ரேமுக்கு உள்ளே வெல்ட் செய்த நட் இருக்கும். அது பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால் சப் ஃப்ரேமில் துளை போட்டுத்தான் பிடிக்க முடியும். வெளியே வந்த போல்ட்டின் மரை கெட்டிருந்தால் அதே நீளம், அதே மரை இடைவெளி, அதே வலிமைத் தரத்தில் புதிது போடுங்கள். 10 மி.மீ. போல்ட்டில் (இது தலையின் அளவல்ல, மரைத் தண்டின் தடிமன்) 1.25, 1.5 மி.மீ. என்று இரண்டு மரை இடைவெளியும் புழக்கத்தில் உண்டு. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று போய் இறுகி நட்டைக் கெடுத்துவிடும்.

முதலில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் பார் முழுதாகத் தொங்கும். கிளாம்ப்பை எடுத்ததும் வெட்டுவாயை விரித்துப் பழைய புஷ்ஷை உருவலாம். பார் நெருக்கமாக இருந்தால் லிங்க்கின் ஒரு முனையைக் கழற்றினால் இடம் கிடைக்கும்.

இப்போது அவசரப்படாமல் பாரைப் பாருங்கள். பழைய புஷ் இருந்த இடத்தில் கறுப்பு ரப்பர் தூளும் செம்பழுப்புத் துருவும் கலந்த பசை அப்பியிருக்கும். உப்புத்தாளைப் போலவே ரப்பரையும் உலோகத்தையும் சேர்த்துத் தின்றது அதுதான். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். அரம் போடாதீர்கள். ஸ்பிரிங் ஸ்டீலில் விழும் ஆழமான கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும். பிறகு அந்த இடத்தைச் சுற்றி மூன்று திசையில் வெர்னியரால் அளந்து, தேயாத இடத்து அளவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை மி.மீ. தாண்டினாலோ, விரல் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தாலோ, புது புஷ் கொஞ்ச நாளில் மறுபடி தட்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாருக்கு வைத்தியம் பாரையே மாற்றுவதுதான். டேப் சுற்றுவது, ட்யூப் ரப்பரை உள்ளே வைப்பது எல்லாம் சில வாரங்களில் கிழிந்து வந்துவிடும்.

புஷ் எண்ணெயில் ஊறி உப்பியிருந்ததா என்பதையும் கவனியுங்கள். இது என்ஜினுக்கு அடியில் இருக்கும் பாகம். மேலே எங்காவது ஆயில் கசிந்தால் ரப்பர் மெத்தென்று ஆகிக் கிழியும். கசிவை நிறுத்தாமல் புஷ் மாற்றினால் புதியதற்கும் அதே கதிதான்.

கிரீஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண பேரிங் கிரீஸ், என்ஜின் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி எதையும் ரப்பரில் தடவாதீர்கள், ரப்பர் உப்பி இளகிவிடும். மாட்டுவதற்கு வழுக்கல் வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். மேனுவலில் கிரீஸ் போடச் சொல்லியிருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பாலியூரித்தேனுக்கு அதற்கென்று கூடவே வரும் கிரீஸைத் தாராளமாகவே வைக்கலாம். உள்பக்கம் துணி போன்ற வெள்ளை உறை இருந்தால் எதுவுமே வேண்டாம்.

புது புஷ்ஷைப் போட்டோவில் உள்ள திசையில், கோட்டுக்குள் உட்கார வையுங்கள். வெட்டுவாய் கையால் அழுத்தும்போதே கிட்டத்தட்ட மூட வேண்டும். கிளாம்ப்பைப் பழைய புஷ் இல்லாமல் ஒருமுறை தட்டையான இடத்தில் வைத்துப் பாருங்கள். காதுகள் வளைந்திருந்தால் ரப்பரை அழுத்தாது, மாற்றிவிடுங்கள். இரண்டு போல்ட்டையும் கையாலேயே மூன்று நான்கு மரை ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பிறகு இரண்டையும் மாறி மாறி, சமமாக இறக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கும்.

இரண்டு பக்கமும் உட்கார்ந்த பிறகு, கடைசி முடுக்கலைச் சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கி நிற்கும்போது செய்யுங்கள். சரிவு மேடையின் பெரிய வசதி இதுதான். பாரோடு ஒட்டி வரும் வகைப் புஷ்ஷுக்கு இது கட்டாயம். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. போல்ட்டுக்கு 40 முதல் 55 வரை வரும். உங்கள் காரின் மேனுவல் சொல்லும் எண்ணே இறுதி. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கூடுதலாக முடுக்கினால் சத்தம் குறையாது, மரைதான் போகும்.

லிங்க்கைக் கழற்றியிருந்தால் மாட்டுவதற்கு முன் பந்து மூட்டின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். கெட்டியாக, ஒரே சீராக நகர வேண்டும். தன் எடையிலேயே தொங்கி விழுந்தாலோ ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புஷ்ஷை மட்டும் மாற்றியதற்கு அலைன்மென்ட் தேவையில்லை. முதல் ஓட்டத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும் பாதையில் மெதுவாகப் போய்க் கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சை அதே அளவில் வைத்து நான்கு போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். அப்போதும் தட்டல் அப்படியே இருந்தால் புஷ்ஷைத் திரும்பக் கழற்றாதீர்கள். லிங்க், லோயர் ஆர்மின் பந்து மூட்டு, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் என்று இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள்.